எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி: உங்களால் மறக்க முடியாதது எது?

கடம்பத்தூர்க்காரன்

1986. தம்பிக்கு நாலு வயது, எனக்குப் பத்து. அவனுக்குத் தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா. எழும்பூருக்குக் கொண்டுபோவதற்கு முந்தைய நாலு நாளைப் பற்றி எழுத மாட்டேன். எழுதினால் செத்துப்போன அப்பாவின் மேல் இன்றைக்கும் கோபம் வரும்.

போய்ச் சேர்ந்தபோது கழுத்து வீங்கி முகமும் கழுத்தும் ஒன்றாகிவிட்டது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் தொண்டைக்குழி உள்ளே போகும். நோயின் விஷத்தை முறிக்கும் சீரம் ஊசி போட்டார்கள். அன்று ராத்திரியே கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். என்னை வார்டுக்குள் விடவில்லை. வராண்டா சன்னலில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன்.

நான் பார்த்ததில் மறக்காதது அவன் அழுத அழுகை. வாய் முழுக்கத் திறந்திருக்கிறது, கண்ணீர் வழிகிறது, சத்தமே இல்லை. காற்று குழாய் வழியாகப் போய்விடுகிறது, குரல்வளைக்கு வருவதில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், தம்பிக்குக் குரல் போய்விட்டது என்பதுதான். அம்மா பக்கத்துக் கட்டில் பிள்ளை அழும்போதெல்லாம் இவனைத் திரும்பிப் பார்ப்பாள். அழுகிறானா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் ராத்திரி தூங்கவே மாட்டாள்.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, குழாயை எடுக்கலாமா என்று பார்க்க ஒரு சிஸ்டர் வந்தார். டாக்டர் பக்கத்தில் நின்றார். சிஸ்டர் குழாயின் வாயை விரலால் லேசாக மூடி, "கண்ணு, அம்மான்னு சொல்லு" என்றார். தம்பி பயந்து தலையை ஆட்டினான். மறுபடியும் மூடினார். கரகரவென்று, கிழவன் குரல் மாதிரி, "ம்மா" என்று வந்தது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. உங்களுடையதையும் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

படித்துக் கண் கலங்கியது. ஆனால் ஒரு சந்தேகம். அந்தக் காலத்தில் தொண்டை அடைப்பான் என்றால் தண்டையார்பேட்டை தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தானே அனுப்புவார்கள்? என் அண்ணன் மகனை அங்கேதான் வைத்திருந்தோம். மூன்று வாரம். வெளியே வேப்பமரத்தடியில் சமைத்துச் சாப்பிட்டோம். பிழைத்து வந்தான், வந்த பிறகு தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வரும். அந்த நோயின் விஷம் நரம்பைத் தாக்கினால் மேலண்ணம் செயலிழக்கும் என்றார்கள். இரண்டு மாதத்தில் சரியானது.

அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே இளம் பெற்றோர் இருப்பீர்கள். இந்தியாவில் விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது 1978-ல். எல்லாருக்குமான திட்டமாக அது விரிந்தது 1985-ல். கடம்பத்தூர்க்காரரின் தம்பி 1982-ல் பிறந்தவர், அந்த இடைவெளியில் விழுந்த பிள்ளை. பெற்றவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, ஐயா. இன்றைக்கு அந்தச் சாக்கு கிடையாது. தொண்டை அடைப்பான் உட்பட ஐந்து நோய்க்கும் சேர்த்து ஒரே ஊசியாகப் போடுவதை நாட்டிலேயே முதலில், 2011 டிசம்பரில், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கினார்கள். ஆறு, பத்து, பதினாலாவது வாரங்களில் போட்டுவிட்டு "முடிந்தது" என்று அட்டையைப் பெட்டியில் வைத்துவிடுகிறீர்கள். முடியவில்லை. ஒன்றரை வயதை ஒட்டி ஒரு பூஸ்டர். ஐந்து ஆறு வயதில் இன்னொன்று. பத்து வயதிலும் பதினாறிலும் மறுபடி. முத்தடுப்பு ஊசி (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்குமானது) போட்ட அன்று ராத்திரி காய்ச்சல் அடித்தது என்று அடுத்த தவணையை விட்டவர்களை என் பள்ளியிலேயே பார்த்திருக்கிறேன். காய்ச்சல் ஒரு நாள் இருக்கும், போய்விடும். பள்ளியில் சேர்க்கும்போது அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்காத தலைமையாசிரியர்களையும் நான் கேட்கிறேன்: மாற்றுச் சான்றிதழில் ஒரு எழுத்து தப்பினால் திருப்பி அனுப்புகிறீர்களே, இதைப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாதா?

கடம்பத்தூர்க்காரன்

ஐயா, தண்டையார்பேட்டைக்கும் அனுப்புவார்கள். மூச்சே விட முடியாத நிலை என்று எங்களை எழும்பூருக்கு எழுதிக் கொடுத்தார்கள். சன்னல் கம்பியின் துரு என் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. இடத்தை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

பேபி ஆஃப் அப்பா

என் மகள் 29 வாரத்தில் பிறந்தாள். 1,080 கிராம். பிறந்தது ஒரு தனியார் மருத்துவமனையில். ஒன்பதாம் நாள் கையில் இருந்த பணம் தீர்ந்தது என்று தெரிந்த மறுநிமிடமே அவர்களுடைய முகம் மாறியதைப் பற்றி எழுத இது இடமில்லை. எழும்பூர் வந்தோம்.

உள்ளே அவளுக்குப் பெயர் கிடையாது. "பேபி ஆஃப்" என்று போட்டு என் மனைவியின் பெயர். மைக்கில் கூப்பிடுவார்கள். நான் மற்ற அப்பாக்களோடு வெளியே பாய் விரித்துப் படுத்திருப்பேன். ராத்திரி இரண்டு மணிக்கு மைக் கரகரத்தாலே முப்பது ஆண்கள் எழுந்து உட்காருவோம். வேறு பெயர் என்று தெரிந்ததும் இருபத்தொன்பது பேர் படுப்போம். ஒருவர் மட்டும் செருப்புக்கூடப் போடாமல் ஓடுவார். அவரைப் பார்க்காத மாதிரி எல்லாரும் போர்வையை இழுத்துக்கொள்வோம்.

என்னை விட்டுப் போகாதது வேறு. மூன்றாவது வாரம் என் மனைவிக்குக் காய்ச்சல். கங்காரு முறையில் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து வைக்க ஆள் இல்லை. சிஸ்டர் வெளியே வந்து, "அப்பா இருக்காரா? வாங்க, நீங்க வைங்க" என்றார். நான் பின்வாங்கினேன். பத்து நாளாகச் சரியான குளியல் இல்லை. "சிஸ்டர், என் உடம்பு அழுக்கு" என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. சோப்பு கொடுத்து, "நல்லா தேய்ச்சுக் குளிச்சிட்டு, துவைச்ச சட்டை போட்டுட்டு வாங்க. அவ எங்கயும் போயிட மாட்டா" என்றார்.

பட்டனைக் கழற்றி உட்கார்ந்தேன். டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்ட பிள்ளையை நெஞ்சில் நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, துணியால் கட்டினார்கள். என் வியர்வையில் அவள் கன்னம் ஒட்டிக்கொண்டது. ஒரு மணி நேரம் கழித்துப் பிரித்து எடுக்கும்போது சின்னதாக ஒரு சத்தம் வந்தது, ஈரத்தாளைப் பிரிப்பது போல. மானிட்டரில் ஆக்சிஜன் அளவு அந்த ஒரு மணி நேரமும் இறங்கவே இல்லை.

இப்போது இரண்டாம் வகுப்பு. அப்பாவிடம்தான் தூங்குவாள்.

முன்னாள் செவிலி

வெவ்வேறு ஊர்களில் 31 வருடம் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தேன். பேபி ஆஃப் அப்பா, உங்களை வெளியே நிறுத்தியதில் எங்களுக்குச் சந்தோஷம் இல்லை. ஒரு கட்டிலுக்கு ஒரு துணை என்பது கிருமிக்காக. குறைமாதப் பிள்ளைக்கு ஒரு தும்மல் போதும்.

கங்காரு முறையைப் பற்றி ஒரு வார்த்தை. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கியது. ஏழைகளுக்கான மாற்று என்று நினைக்காதீர்கள், இன்குபேட்டர் தாராளமாக இருக்கும் இடத்திலும் இப்போது இதைத்தான் செய்கிறார்கள். வீட்டுக்குப் போன பிறகும் எடை ஏறும்வரை விடாதீர்கள். பாட்டில் வேண்டாம். பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், கொடுங்கள். நம் வீட்டுப் பாலாடை அதே பெயரில் உலக மருத்துவ இதழ்களுக்குப் போயிருக்கிறது. படுக்கவைத்து ஊற்றக் கூடாது. தலையை உயர்த்திப் பிடித்து, உதட்டோரம் வைத்து, பிள்ளை விழுங்கியதைப் பார்த்து அடுத்த சொட்டு. ஒவ்வொரு முறையும் பாலாடையைக் கழுவிக் கொதிநீரில் போட வேண்டும். தேன், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு, கழுதைப்பால், எதுவும் வேண்டாம். பாட்டிமார் சொன்னால் என் பேரைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

மாடிவீட்டு அக்கா

1994. மகனுக்கு ஒன்றரை வயது. ஸ்டவ்வுக்கு ஊற்ற டம்ளரில் வைத்திருந்த மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று குடித்துவிட்டான்.

மாமியார் பதறி உப்புக் கரைசலைப் புகட்டி வாந்தி எடுக்க வைத்தார். பஸ்ஸில் போகும்போதே இருமல், மூச்சு வாங்கல். எழும்பூரில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "வாந்தி எடுக்க வச்சீங்களா?" மாமியார் பக்கத்தில் நிற்கிறார். "இல்லம்மா, அவனாவே எடுத்தான்" என்றேன். என் பிள்ளை மூச்சுக்குத் திணறுகிறான், நான் பொய் சொல்கிறேன்.

அந்த அம்மா என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். அதட்டவில்லை. "பாட்டி, கீழ போய் ஓபி சீட்டுல முத்திரை வாங்கிட்டு வாங்க" என்று மாமியாரை அனுப்பினார். அவர் படி இறங்கும் சத்தம் அடங்கியதும், "இப்ப சொல்லும்மா" என்றார்.

சொன்னேன். எக்ஸ்ரேயில் நெஞ்சில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. வயிற்றில் இருக்கும்போது மண்ணெண்ணெய் செய்வதைவிட, வாந்தியில் மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் செய்வதுதான் பெரிது என்று பொறுமையாகச் சொன்னார். மாமியார் திரும்பி வந்தபோது அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாள் ஆக்சிஜன். மகன் இப்போது துபாயில் இருக்கிறான்.

முத்திரை என்று ஒன்று அந்தச் சீட்டுக்கு வேண்டியதே இல்லை. வருடங்கள் கழித்துத்தான் எனக்கு அது உறைத்தது.

மணலி ரமணி

வாந்தி வேண்டாம், சரி. பால் கொடுத்தால் முறிந்துவிடுமே? எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வோம்.

முன்னாள் செவிலி

கொடுக்காதீர்கள் அம்மா. பாலும் வேண்டாம், மோரும் வேண்டாம், விரலைத் தொண்டையில் விடவும் வேண்டாம். நனைந்த சட்டையைக் கழற்றி, உடம்பைக் கழுவி, 108-ஐக் கூப்பிடுங்கள். குடித்த பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

ஹவுஸ் சர்ஜன் 84

தனியாக ஒருவர் எனக்கு எழுதியிருந்தார், "ஆஸ்பத்திரி 1968-ல்தானே தொடங்கியது" என்று. ஹால்ஸ் ரோட்டுக்கு, அதாவது இன்றைய தமிழ்ச் சாலைக்கு, வந்த வருடம் அது. அதற்கு முன்பே பெரியாஸ்பத்திரியில் ஒரு சின்னக் குழந்தைகள் பிரிவு, பிறகு எழும்பூர் தாய்சேய் ஆஸ்பத்திரியில் என்று இடம் மாறி வளர்ந்தது. அந்தத் தாய்சேய் ஆஸ்பத்திரியின் வேர் 1844-க்குப் போகிறது. குழந்தைகளைச் சின்ன உருவப் பெரியவர்களாக நினைத்து மருந்தை மட்டும் குறைத்துக் கொடுத்த காலத்தில், குழந்தை மருத்துவம் தனிப் படிப்பு என்று போராடியவர் டாக்டர் எஸ்.டி. ஆச்சார். அவர் எழுதிய பாடநூலில்தான் நாங்கள் படித்தோம். கட்டடத்துக்கு வயது சொல்லும்போது அவரை விட்டுவிடாதீர்கள்.

எனக்கு அங்கே இரண்டு மாதம் போஸ்டிங். அப்போது ஈரல் கட்டியோடு பிள்ளைகள் வருவார்கள். ஜம்மி லிவர் க்யூர் என்ற ஈரல் மருந்தை வாங்காத வீடு இல்லாத காலம். வயிறு பானை, கை கால் குச்சி, கண் மஞ்சள். பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிய பாலின் வழியாகச் செம்பு ஈரலில் சேர்ந்தது ஒரு காரணம் என்று பின்னால் கண்டார்கள். இன்றைய மாணவர்கள் அந்த நோயைப் பார்ப்பதே அரிது.

விழுப்புரம் பக்கத்துப் பெண். பையனுக்கு இரண்டு வயது. விடியற்காலை இறந்துவிட்டான். கணவன் கூட இல்லை. வண்டி வைக்கப் பணம் இல்லை. பாரிமுனையில் பஸ் ஏறித்தான் போக வேண்டும். பிணம் என்று தெரிந்தால் கண்டக்டர் ஏற்ற மாட்டார். ஆயாம்மா பையனுக்குப் பவுடர் போட்டு, சட்டை மாட்டி, தோளில் சாய்த்துக் கொடுத்து, "தூங்குறான்னு சொல்லு" என்றார். அந்தப் பெண் தலையாட்டினாள். இரண்டு படி இறங்கியவள் திரும்பி என்னைக் கேட்டாள்.

"சார், இவனுக்கு டிக்கெட் எடுக்கணுமா?"

எனக்கு 23 வயது. வாயில் வார்த்தை வரவில்லை. பையில் இருந்த இருபது ரூபாயைக் கொடுத்தேன். பாரிமுனை வரைக்காவது கூடப் போயிருக்கலாம். ஒன்பது மணிக்கு ரவுண்ட்ஸ் இருந்தது. அதனால் போகவில்லை.

இப்போது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. அதன் மேல் எழுதிய எழுத்தைச் சாலையில் பார்க்கும்போதெல்லாம் வண்டியை ஓரம் கட்டிவிடுவேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

டாக்டர், நீங்கள் போயிருந்தாலும் அந்தப் பெண்ணின் துக்கத்தில் என்ன மாறியிருக்கும்? உங்களை நீங்களே இத்தனை வருடம் தண்டிப்பது சரியில்லை.

ஹவுஸ் சர்ஜன் 84

துக்கம் மாறியிருக்காது, ஐயா. பஸ்ஸில் கண்டக்டரிடம் பொய் சொல்லும் வேலையாவது அவளுக்கு இல்லாமல் போயிருக்கும்.

மாடிவீட்டு அக்கா

கடம்பத்தூர்க்காரரே, உங்கள் தம்பி குரல் இப்போது எப்படி இருக்கிறது?

கடம்பத்தூர்க்காரன்

கொஞ்சம் கரகரப்பு உண்டு. கோயிலில் திருவாசகம் படிக்கிறான். கழுத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தழும்பு. படிக்கத் தொடங்கும் முன்னால் விரலால் அதை ஒருமுறை தொட்டுக்கொள்வான். அவனுக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை என்கிறான். அந்த சிஸ்டரின் பெயரை அம்மா கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.