அம்மாவுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 287 காட்டுகிறது, கூடுதல் மாத்திரை கொடுக்கலாமா?

அம்மாவுக்கு 61 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, காலையில் கிளிமிபிரைடு 1 மி.கி. வெறும் வயிற்றில் 120, 140 என்றுதான் இருக்கும். இன்று காலை வீட்டு மீட்டரில் 287! நேற்று ராத்திரி இரண்டு இட்லிதான் சாப்பிட்டார். தாகமோ தலைசுற்றலோ இல்லை. அப்பா இன்னொரு கிளிமிபிரைடைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கொடுக்கலாமா?

பதில் (லேபில் வேலை பார்க்கிறேன்):
கொடுக்காதீர்கள். அந்த 287 பொய்யாக இருந்தால் சர்க்கரை தடதடவென்று இறங்கிவிடும். முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, வேறு விரலில் பாருங்கள். சானிட்டைசர் போதாது. மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் டப்பாவின் காலாவதித் தேதியையும், மூடி இறுக்கமாக இருந்ததா என்பதையும் பாருங்கள். காற்றில் ஈரம் பட்டாலே ஸ்ட்ரிப் கெட்டுவிடும்.

கேட்டவர்:
134! பேரனுக்கு மாம்பழம் நறுக்கிவிட்டு, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து ஊசி குத்தியிருக்கிறார். இன்னொன்று: போன வாரம் லேபில் 126, அதே நேரம் வீட்டு மீட்டரில் 141. மீட்டர் பழுதா?

பதில் (லேப்):
மாம்பழம்தான். மீட்டர் உறிஞ்சுவது ஒரு துளிக்கும் குறைவான ரத்தம். அதில் விரலில் ஒட்டிய பழச்சாறு கொஞ்சம் கலந்தாலே எண் எகிறிவிடும். மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. 100க்கு மேல் போனால் லேபை விட 15 சதவீதம் கூடக்குறைய இருப்பது ஏற்றுக்கொண்ட அளவு. 126க்கு 15 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 19. உங்களுக்கு 15தான் வித்தியாசம்.

134 பற்றிப் பயம் வேண்டாம். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் என்பது நோயைக் கண்டுபிடிக்க வைத்த கோடு. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பொதுவான இலக்கு 80 முதல் 130 வரை. கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறார். ஒரு நாள் எண்ணை வைத்து முடிவு செய்யாமல் எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை பாருங்கள், சுமார் மூன்று மாதச் சராசரி அதில் தெரியும். ரத்தசோகை இருந்தால் அதுவும் தப்பாகக் காட்டலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொருவர்:
தங்கச்சி, நானும் கிளிமிபிரைடுதான். ஒரு நாள் மாத்திரை போட்டுவிட்டு டிபனைத் தவறவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் கை நடுங்கி, சட்டை முழுக்க வியர்வை. பார்த்தால் 52. 70க்குக் கீழே போனால் காத்திருக்கவே கூடாது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆம்புலன்ஸுக்கு 108ஐக் கூப்பிடுங்கள்.

கழுவிய கையிலும் திரும்பத் திரும்ப 250க்கு மேல் வந்தால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். கூடவே வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் இருந்தால் நேராக ஆஸ்பத்திரிதான்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி, அண்ணா. நாளைக்கு எச்பிஏ1சிக்கு ரத்தம் கொடுக்கிறோம். அப்பா மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டார்.