சியன்சியாவில் நீங்கள் மாட்டிக்கொண்டது எந்த இடத்தில்?

வித்தை பழகிச் சாகாநிலை தேடுபவர்களைப் பற்றிய சீனக் கற்பனைக் கதைகள்தான் சியன்சியா. ஒவ்வொருவரும் அவரவர் கதையைச் சொல்லுங்கள், நான் முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அது ஹான் லி என்ற நாயகன். சீனத்தில் 2008-ல் தொடராக வரத் தொடங்கிய கதை, சாமானியப் பையன் ஒருவன் சாகாநிலை தேடிப் போவது. அதற்கு முன் இரண்டு மூன்று கதைகளைத் திறந்து மூடியிருந்தேன். எதை எடுத்தாலும் பெரிய வீட்டுப் பிள்ளை ஒருவன் நாயகனை நடுத்தெருவில் அவமானப்படுத்துவான், அடி வாங்குவான், அப்புறம் அவன் அண்ணன் வருவான், அப்பா வருவார், கடைசியில் குகையில் தவமிருக்கும் கொள்ளுத்தாத்தாவே எழுந்து வருவார். ஹான் லி வேறு மாதிரி. ஏழை வீட்டுப் பையன், வித்தைக்கு வேண்டிய ஆன்மவேரும், அதாவது பிறவித் தகுதியும், மட்டம். கையில் ஒரு சின்னக் குப்பி, அதில் ஊறும் துளியை விட்டால் பல வருஷம் வளர வேண்டிய மூலிகை சீக்கிரமே முற்றிவிடும். வாய்த்தது அவ்வளவுதான். சண்டை வந்தால் முடிந்தவரை ஓடுவான், ஓட வழியில்லாதபோதுதான் அடிப்பான்.

மோ வைத்தியர் கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டேன். மருந்து கொடுத்து வித்தை பழக்கிய குருவே இவன் உடம்புக்குள் தான் புகுந்துகொள்ளத்தான் வளர்த்தார் என்று தெரியும் இடம். படித்தவுடன் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்றுதான் மனதில் ஓடியது, பாட்டி சொன்ன விக்கிரமாதித்தன் கதையில் கேட்டது. காயகற்பம், ரசவாதம் என்று சித்தர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த உலகம் அந்நியமாகவே இருக்காது. போகர் சீனம் போய்வந்தார் என்ற மரபும் நம்மிடம் உண்டே. அங்கே 4-ஆம் நூற்றாண்டிலேயே கே ஹோங் சாகாமருந்து காய்ச்சும் முறைகளை எழுதிவைத்தார். பாதரசம் சேர்ந்த அப்படிப்பட்ட மருந்துகளைத் தின்று தாங் வம்சப் பேரரசர்கள் சிலர் செத்தே போனார்கள்.

ஆனால் என்னை ஆயிரம் அத்தியாயம் தாண்டி இழுத்துப்போனது வருஷக்கணக்கு. சி என்ற உயிராற்றலைத் திரட்டுதல், அடித்தளம் போடுதல், பொற்கரு, யுவான்யிங் என்ற ஆன்மக் குழந்தை உள்ளே உருவாவது என்று படிகள் ஏறும்போது பலம் கூடுவது ஒரு பக்கம், ஆயுள் கூடுவது இன்னொரு பக்கம். பல கதைகளில் அடித்தளம் போட்டவனுக்கு இருநூறு வருஷம், பொற்கருவுக்கு ஐந்நூறு, யுவான்யிங்குக்கு ஆயிரம். ஒரு படியில் சிக்கிக்கொண்டவனுக்கு நாள் தீர்ந்துகொண்டே வருகிறது. படி தாண்ட உதவும் ஒரே ஒரு மாத்திரைக்காகக் கூடப் பழகியவனின் கழுத்தை ஏன் அறுக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. படி தாண்டியவன் ஊருக்குத் திரும்பினால் தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காது.

மறுமொழி

அந்தப் பெரிய வீட்டுப் பிள்ளைகளை அப்படி ஒதுக்கிவிடாதீர்கள், நான் உள்ளே வந்ததே அவர்களால்தான். கல்லூரி முதல் வருஷம், நான் எழுந்து ஆங்கிலத்தில் பதில் சொன்னாலே பின் பெஞ்சில் சிரிப்பார்கள். அப்போது படித்த கதையில் ஒரு சீனப் பழமொழி வந்தது: முப்பது வருஷம் ஆற்றின் கிழக்கே, முப்பது வருஷம் மேற்கே. மஞ்சள் ஆறு தடம் மாறிக்கொண்டே இருக்கும், நேற்றுவரை கிழக்குக் கரையில் இருந்த ஊர் இருந்த இடத்திலேயே மேற்குக் கரையாகிவிடும். அதை நோட்டில் எழுதிவைத்தேன். இந்தக் கதைகளில் கிணற்றுத் தவளை என்று திட்டிக்கொள்வதும் பிடிக்கும், அது ஜுவாங்ட்சு என்ற பழைய சீனத் தத்துவ நூலில் வரும் தவளை. நாயகனும் ஒவ்வொரு புது உலகத்துக்குப் போகும்போதும் மறுபடி தவளையாகத்தான் நிற்பான்.

அண்ணன், அப்பா, கொள்ளுத்தாத்தா என்று கதையை நீட்டி முழக்குகிறார்கள் என்ற கோபம் மட்டும் நியாயமானது. 2003-லிருந்து சிதியான் என்ற சீன இணையக் கதைத் தளத்தில் ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று வாசகர்களிடம் காசு வாங்குகிறார்கள், பிறகு கொள்ளுத்தாத்தா வராமல் எப்படி இருப்பார்? சீன வாசகர்களே அதைத் தண்ணீர் கலப்பது என்றுதான் சொல்கிறார்கள்.

மறுமொழி

நான் மெஷின் மொழிபெயர்ப்பில் படித்தவள். மனிதர்கள் செய்த மொழிபெயர்ப்பு பாதியில் நின்றுவிட்டது, காத்திருக்க முடியவில்லை. ஒரு வரியில் அவள், அடுத்த வரியில் அதே ஆள் அவன். சீனத்தில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது சகஜம், மெஷின் ஊகித்துப் போட்டுவிடுகிறது. தாவோ என்ற ஒரே எழுத்து வழி, நெறி, சில இடங்களில் 'சொன்னான்' என்றுகூட அர்த்தம் தரும், அதையும் சாலை என்று போட்டுவைத்திருக்கும். இரண்டு மாதத்தில் மனதுக்குள்ளேயே திருத்திப் படிக்கப் பழகிவிட்டது.

முதலில் எழுதியவர் சொன்ன ஆயுள் கணக்குதான் எனக்கும். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம், இரவெல்லாம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போனில் படித்துக்கொண்டிருந்தேன். நாள் முடியப்போகும் கிழவர் ஒருவர், கதைக்கு முக்கியமே இல்லாதவர், கடைசியாக ஒருமுறை படி தாண்டப் பார்க்கலாம் என்று குகைக்குள் போய்க் கதவை மூடிக்கொள்கிறார். கைவசமிருந்த ஆன்மக் கற்களை (அந்த உலகத்தில் காசு மாதிரி) எல்லாம் அதற்கு முன்பே சீடர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். அவர் வெளியே வரவில்லை, அடுத்த அத்தியாயத்தில் கதை வேறு ஊருக்குப் போய்விட்டது. நான் மட்டும் முந்தைய பக்கத்துக்குத் திரும்பிப் போய், அவர் கதவை மூடும் வரியை இன்னொரு தடவை படித்தேன்.