லினக்ஸ் யூசர்நேமில் புள்ளி, எண்: உங்கள் அனுபவம் என்ன?

எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் இனிஷியல், புள்ளி, பெயர் என்றுதான் கணக்கு. எஸ்.குமார் மாதிரி. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் கணக்கு உருவாக்கும் அட்யூசர் கட்டளை, இயல்பான அமைப்பில் இதை ஏற்காது. சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும், அப்புறம் சிறிய எழுத்து, எண், அடிக்கோடு, இடைக்கோடு மட்டும்தான். அதே வேலையைச் செய்யும் யூசர்ஆட் கட்டளை அங்கே தாராளம் என்பதால், முன்பு இருந்தவர்கள் அதை வைத்தே உருவாக்கிவிட்டார்கள்.

போன மாதம் ஒருவருக்கு சூடோ உரிமை (நிர்வாகி அதிகாரத்தில் கட்டளை ஓட்டும் உரிமை) தர, அந்த உரிமைகளை எழுதி வைக்கும் சூடோயர்ஸ்.டி ஃபோல்டரில் அவர் யூசர்நேமிலேயே ஒரு ஃபைல் வைத்தார்கள். உள்ளே எழுதியதில் பிழை இல்லை, அதைச் சரிபார்க்கும் விசூடோ சோதனையும் பாஸ். ஆனாலும் அவரால் சூடோ போட முடியவில்லை. அந்த ஃபோல்டரில் பெயரில் புள்ளி உள்ள ஃபைலை சூடோ படிப்பதே இல்லை, எச்சரிக்கையும் தராது. ஃபைல் பெயரில் புள்ளியை அடிக்கோடாக மாற்றியதும் உரிமை கிடைத்தது.

பதில் 1:
நான் பார்த்த கல்லூரி லேப்பில் ரோல் நம்பர்தான் யூசர்நேம். ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை -எல் சேர்த்துப் போட்டால் ஃபைலின் உரிமையாளர் 1042 என்று வரும். அது 1042 என்ற மாணவரா, நீக்கப்பட்ட யாருடையதோ யூஐடியா (ஒவ்வொரு கணக்குக்கும் லினக்ஸ் உள்ளே வைக்கும் எண்)? பெயர் கிடைக்காதபோது எல்எஸ் எண்ணைக் காட்டும் என்பதால் கண்ணால் பிரிக்க முடியாது. யூஐடியை மட்டும் காட்டச் சொல்லி எல்எஸ்ஸுக்கு -என் கொடுத்து, கணக்குகளின் யூஐடி எழுதியிருக்கும் பாஸ்வேர்ட் ஃபைலோடு ஒப்பிட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஃபைலின் உரிமையாளரை மாற்றும் சிஹெச்ஓன் கட்டளை, கொடுத்த எண்ணை முதலில் பெயராகத் தேடும், கிடைக்காவிட்டால்தான் யூஐடியாக எடுக்கும். கணக்கை நீக்கிய மறுநாள் அதே கட்டளை, அந்த எண்ணை யூஐடியாகக் கொண்ட வேறு ஆளிடம் ஃபைலைக் கொடுத்துவிடும். தயவுசெய்து முன்னால் ஓர் எழுத்தாவது சேருங்கள்.

பதில் 2:
எண்ணில் தொடங்குவதும் ஆபத்துதான். 2017-இல், லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. சர்வீஸ் ஃபைலில் யூசர் என்ற இடத்தில் '0டே' என்று இருந்தால், செல்லாத பெயர் என்று அந்த வரியையே விட்டுவிட்டு, சர்வீஸை ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள நிர்வாகிக் கணக்கில்) ஓட்டியது. அதைப் படித்ததும் எங்கள் சர்வர்களில் தேடினேன். எண்ணில் தொடங்கும் கணக்கில் ஓட வேண்டிய பேக்கப் சர்வீஸ் ஒன்று இருந்தது. ஓடும் புரோகிராம்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையைப் போட்டால், யூசர் பெயர் வரும் முதல் நெடுவரிசையில் ரூட். லாகில் ஒரே ஒரு எச்சரிக்கை வரி, யாரும் கவனிக்கவில்லை. செல்லாத பெயர் இருந்தால் சர்வீஸே தொடங்காதபடி பிறகு மாற்றினார்கள். பழைய பதிப்பு ஓடும் சர்வர் வைத்திருப்பவர்கள் இன்றே ஒருமுறை பிஎஸ் போட்டுப் பாருங்கள்.