போடிமெட்டு ஏற்றத்துக்கு எது: டீசல் தாரா, பெட்ரோல் தாரா?

ஏலத்தோட்டத்தான்:
அனைவருக்கும் வணக்கம். ஊர் போடிநாயக்கனூர். பூப்பாறைக்கு அப்பால் நான்கு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. அப்பா காலத்து மகிந்திரா ஜீப், பியூஜோ டீசல் எஞ்சின், என்னைவிட இரண்டு வயது இளையது. இப்போது ஏற்றத்தில் அதற்கு மூச்சு வாங்குகிறது. மகிந்திராவின் ஜீப் வகை வண்டியான தார், அதுவும் நான்கு சக்கர இயக்கம் உள்ளது, வாங்கலாம் என்பது வரை வீட்டில் ஒற்றுமை. டீசலா பெட்ரோலா என்று வந்ததும் சண்டை. அப்பா டீசல், தம்பி பெட்ரோல், நான் நடுவில்.

ஓட்டம் இப்படித்தான்: வாரத்தில் இரண்டு நாள் போடிமெட்டு வழியாகத் தோட்டம். 17 கொண்டை ஊசி வளைவுகள், கடைசி மூன்று கிலோமீட்டர் கல்லும் களிமண்ணும். ஏறும்போது உரமூட்டையும் ஆட்களும், காய் எடுப்பு நாளில் இறங்கும்போது காய் மூட்டை. மற்ற ஐந்து நாளும் ஊருக்குள்தான்: பள்ளிக்கூடம், கடைவீதி, ஏல மையம். (ஏலக்காயை ஏலம் விடும் இடம், எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு இரட்டைச் சம்பளம்.) ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் வரும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வால்பாறை_40:
டீசல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆழியாறிலிருந்து 40 வளைவுகளை இருபத்திரண்டு ஆண்டுகளாக டீசலில்தான் ஏறுகிறேன். மூட்டையை ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் போட்டுவிட்டால் மாடு வண்டி இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டே போகும். பெட்ரோல் எஞ்சினை ஏற்றத்தில் கத்தவிட்டால்தான் நகரும். மலைப்பக்கம் ஜீப் வைத்திருக்கும் யாரையாவது கேளுங்கள், பெட்ரோல் என்று ஒருவர் சொன்னால் நான் மீசையை எடுத்துவிடுகிறேன்.

நாலாம்_கியர்:
மீசையை எடுக்கத் தயாராகுங்கள் அண்ணா. மதுரையில் இருக்கிறேன், பெட்ரோல் தார் வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறையாவது மேகமலை அல்லது கொடைக்கானல் போகிறேன்.

நீங்கள் சொல்வது பழைய பெட்ரோல் எஞ்சினுக்குப் பொருந்தும். தாரில் இருப்பது 2 லிட்டர் டர்போ (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி) பெட்ரோல். மேனுவல் கியரில் 300 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றி இழுக்கும் விசை, அதுவும் நிமிடத்துக்கு 1,250 சுற்றிலிருந்தே. அதே வண்டியின் 2.2 லிட்டர் டீசலிலும் 300தான், ஆனால் அது தொடங்குவது 1,600 சுற்றில். காகிதத்தில் சீக்கிரம் இழுக்கத் தொடங்குவது பெட்ரோல். குதிரைத்திறனும் 150, டீசலுக்கு 130தான். இதில் எங்கே கத்தல்?

வால்பாறை_40:
காகிதத்தில் ஏலக்காய் விளையாது தம்பி. டர்போ சுற்றத் தொடங்கும் முன்பு, கல்லின்மேல் சக்கரம் ஏறி நிற்கும் அந்த நொடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் விட்டால் டீசல் ஊர்ந்து போகும். பெட்ரோல் அதே இடத்தில் அணைந்துவிடும், அல்லது நீங்கள் பயந்துபோய் மிதித்து ஆளைத் தூக்கிப் போடுவீர்கள்.

அதைவிட முக்கியம் காசு. 2024 மார்ச்சில் விலை குறைந்த பிறகு சென்னை விலையைக் கணக்குக்கு எடுக்கிறேன்: பெட்ரோல் ரூ.100.80, டீசல் ரூ.92.40 அளவு. மலை ஓட்டத்தில் உங்கள் பெட்ரோல் தார் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு 1,250 லிட்டர், ரூ.1,26,000. டீசல் 11 கொடுத்தால் 909 லிட்டர், ரூ.84,000. ஆண்டுக்கு ரூ.42,000 வித்தியாசம். அவருடைய தோட்டத்துக்கு அது உரக்காசு.

நாலாம்_கியர்:
8 என்று யார் சொன்னது? நெடுஞ்சாலையில் எனக்கு 11 வருகிறது. மலையில் 8.5. சரி, அரைப்புள்ளிக்காகச் சண்டை வேண்டாம், கணக்கில் டீசல் ஜெயிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2012 கணக்கு மனத்தில் இருப்பவர்கள் அதை மறந்துவிட வேண்டும். அப்போது ஒரு லிட்டருக்கு முப்பது ரூபாய் வரை வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு அந்தச் சலுகைக் காலம் முடிந்துவிட்டது.

என் கேள்வி வேறு. அவர் வாரத்தில் ஐந்து நாள் ஊருக்குள்தான் ஓட்டம் என்கிறார், ஒவ்வொரு தடவையும் இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான் இருக்கும். பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசலுக்கு அது விஷம். என் அண்ணன் அனுபவித்துவிட்டார். (கம்பெனி பெயர் வேண்டாம், தார் அல்ல.) வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நாலு கிலோமீட்டர். பதினெட்டாவது மாதம் டாஷ்போர்டில் விளக்கு எரிந்தது, வண்டி நாற்பதுக்குமேல் போக மறுத்தது. புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொண்டது. மாற்றுவதற்கு அவர்கள் நீட்டிய மதிப்பீடு ஒரு லட்சத்தைத் தொட்டது. உங்கள் உரக்காசு அங்கே போய்விடும்.

ஸ்பேனர்:
கம்பத்தில் பட்டறை வைத்திருக்கிறேன், இரண்டு எஞ்சினிலும் கை வைக்கிறவன். அந்த வடிகட்டியைப் பற்றிப் பாதி தெரிந்தவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

டிபிஎஃப் என்பது புகைக்குழாயில் இருக்கும் சல்லடை. கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் அதை எரித்துச் சாம்பலாக்க வேண்டும், அதற்குக் கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேண்டும். கணினியே கூடுதல் டீசலைத் தெளித்து அந்தச் சூட்டை உண்டாக்கப் பார்க்கும். பதினைந்து இருபது நிமிடம் நிற்காமல் ஓடினால் வேலை முடிந்தது. நடுவில் பள்ளிக்கூட வாசலில் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக எஞ்சின் ஆயிலில் இறங்கும். இப்படிப் பத்துத் தடவை நடந்தால் ஆயில் நீர்த்துப்போகும், டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறும். ஆயில் குறைந்தால் பதறுகிறவர்கள், கூடினால் சந்தோஷப்படுகிறார்கள். கூடினால்தான் பட்டறைக்கு ஓடிவர வேண்டும்.

நாலாம் கியர் தம்பியின் அண்ணன் வண்டிக்கு நடந்தது அதுதான். ஆனால் அவர் வண்டி மலை ஏறவில்லை. தோட்டத்தார் வாரம் இரண்டு முறை மூட்டையோடு போடிமெட்டு ஏறுகிறார். பாரத்தோடு ஏறும்போது புகை தானாகவே சூடாகும், கரி தானாகவே எரியும். அந்த வடிகட்டிக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. ஒரே நிபந்தனை, ஏற்றத்தில் எஞ்சின் முனகும் அளவுக்குப் பெரிய கியரில் போட்டுக்கொண்டு போகக் கூடாது. 2,000 சுற்றுக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. பழைய பியூஜோ எஞ்சினை நான் சாலையோரத்தில், ஒரு துணியும் இரண்டு ஸ்பேனரும் வைத்துக்கொண்டு கிளப்பியிருக்கிறேன். மிக அதிக அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் இன்றைய காமன் ரெயில் எஞ்சினில் அது நடக்காது. இன்ஜெக்டரில் துளி தண்ணீர் போனாலும் செலவுதான். டீசல் என்றால் முரட்டு எஞ்சின், எதையும் தாங்கும் என்ற நம்பிக்கையில் வாங்கினால் ஏமாறுவார்.

நாலாம்_கியர்:
இதைத்தான் நானும் சொல்கிறேன்! டீசலின் எளிமை போய்விட்டது, விலைச்சலுகையும் போய்விட்டது. மிச்சம் இருப்பது மைலேஜ் மட்டும்.

ஸ்பேனர்:
துள்ள வேண்டாம் தம்பி. உங்கள் எஞ்சினும் எளிமையானது அல்ல. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் வகை அது. பழைய எஞ்சினில் பெட்ரோல் வால்வைக் கழுவிக்கொண்டு உள்ளே போகும். உங்களுடையதில் கழுவ ஆள் இல்லை, அதனால் காற்று நுழையும் இன்டேக் வால்வில் கரி படியும். எண்பதாயிரம் ஓடிய பிறகு வாருங்கள், காட்டுகிறேன். எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோலும் கணக்கில் வர வேண்டும். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, ஆகவே மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும்.

சேற்றுக்கால்:
குன்னூரிலிருந்து எழுதுகிறேன். இரண்டு தரப்பும் டார்க், டார்க் என்று பேசுகிறீர்கள். எடையை யாரும் பேசவில்லையே? என் மாருதி ஜிம்னி பெட்ரோல் ஜீப்பின் டார்க் 134தான், அதுவும் 4,000 சுற்றில், டர்போ கிடையாது. வால்பாறை அண்ணா கணக்குப்படி அது நகரவே கூடாது. ஆனால் வண்டியின் எடை 1,200 கிலோ அளவுதான். ஜூலை மழையில் தேயிலைத் தோட்டத்துக் களிமண்ணில் கனமான வண்டிகள் பள்ளம் தோண்டிக்கொண்டு உட்காரும், நான் மேலே மிதந்து போய்விடுவேன். லோ ரேஞ்சில் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தனிக் கியர்) போட்டுவிட்டால் எஞ்சினின் வறுமை தெரியாது.

வால்பாறை_40:
அதில் எத்தனை உரமூட்டை ஏற்றுவீர்கள்?

சேற்றுக்கால்:
பின்சீட்டை மடித்தால் நான்கு.

வால்பாறை_40:
ஆட்கள்?

சேற்றுக்கால்:
சரி, அந்த இடத்தில் தோற்றுவிட்டேன்.

முன்னாள்_ஓட்டுநர்:
ராணுவத்தில் பதினேழு ஆண்டுகள் ஓட்டுநர், அதில் நான்கு லடாக்கில். மாருதி ஜிப்சி என்ற பெட்ரோல் ஜீப்பும் ஓட்டினேன், டீசல் லாரியும் ஓட்டினேன். விடியற்காலையில் ஜிப்சி இரண்டாவது முயற்சியில் கிளம்பிவிடும். டீசல் உறைந்துபோன லாரிக்கு அடியில் அடுப்பு வைத்துச் சூடேற்றுவோம். 2019இல்தான் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசல் லடாக்குக்கு வந்தது. ஆனால் உயரம் ஏற ஏற ஜிப்சிக்கு மூச்சு திணறும். 5,400 மீட்டரில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான், டர்போ இல்லாத எஞ்சினுக்கு அது பாதிச் சாப்பாடு. போடிமெட்டில் இந்த இரண்டு கவலையும் கிடையாது. ஆகவே லடாக் பயண வீடியோ பார்த்துவிட்டு முடிவு எடுக்க வேண்டாம் என்பதற்காகத்தான் சொன்னேன்.

ஏற்றத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். ஆளைக் கொல்வது இறக்கம். காய் மூட்டையோடு 17 வளைவு இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பினால் பத்தாவது வளைவில் தீய்ந்த வாடை வரும்.

வால்பாறை_40:
ஐயா சொன்னது சரி. அதற்கும் டீசல்தான். அழுத்தம் அதிகம், இறக்கத்தில் எஞ்சினே பிடித்து நிறுத்தும்.

முன்னாள்_ஓட்டுநர்:
அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். டீசலில் அமுக்கிய காற்று ஸ்பிரிங் மாதிரி திரும்பவும் பிஸ்டனைத் தள்ளிவிடும், பிடித்ததில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். பெட்ரோலில் காலை எடுத்ததும் காற்று போகும் வழியில் இருக்கும் திராட்டில் என்ற கதவு மூடி வெற்றிடம் உண்டாகும், அந்த இழுவைதான் எஞ்சின் பிரேக். டீசல் லாரிகளில் புகைவழியை அடைத்து எஞ்சினைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் என்று தனியாக ஒன்றை எதற்காக வைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? எதுவாக இருந்தாலும் சிறிய கியரில் இறங்க வேண்டும். களிமண் பாதையில் லோ ரேஞ்ச். அதற்குப் பிறகு எந்த எரிபொருள் என்பது பெரிய விஷயம் அல்ல.

வால்பாறை_40:
லாரி எக்ஸாஸ்ட் பிரேக்கை மறந்துவிட்டேன், தினமும் பயன்படுத்துகிறவன் நான். ஒப்புக்கொள்கிறேன். மீசையில் பாதி போயிற்று.

ஆனால் தோட்டத்தில் ஜெனரேட்டர் எதில் ஓடுகிறது? டீசலில்தானே? ஒரு கேன் கொண்டுபோனால் இரண்டுக்கும் ஆகும். பெட்ரோலைக் கேனில் வைத்துக்கொண்டு, பின்சீட்டில் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு மலை ஏற நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு தீப்பொறி போதும்.

நாலாம்_கியர்:
கேன் விஷயம் நியாயம்தான். எங்கள் பக்கத்துக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: சத்தம். தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் வண்டி. டீசல் தார் காலையில் கிளம்பும்போது தெருவே எழுந்துகொள்ளும். ஐந்து கதவு தார் ராக்ஸ் வேண்டும் என்று வீட்டில் கேட்டால் மட்டும் எனக்கு வாதமே இல்லை. 2024 ஆகஸ்டில் வந்தபோதே அதன் பெட்ரோல் வண்டிக்கு நான்கு சக்கர இயக்கம் கொடுக்கவில்லை, டீசலில்தான் உண்டு. ஃபோர்ஸ் கூர்க்காவிலும் மகிந்திரா ஸ்கார்ப்பியோ-என் வண்டியிலும் அதே கதை. நம் கைக்கு எட்டும் விலையில் பெட்ரோலில் லோ ரேஞ்சோடு ஓட்ட ஆசைப்படுகிறவனுக்கு மூன்று கதவுத் தாரும் ஜிம்னியும் விட்டால் வழியில்லை. கம்பெனிகளே எங்களைச் சிறுபான்மை ஆக்கிவிட்டார்கள்.

ஏலத்தோட்டத்தான்:
பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். காய் எடுப்பு.

இரண்டு வண்டியையும் ஓட்டிப் பார்த்தேன். ஷோரூமில் உரமூட்டை ஏற்ற விடவில்லை, ஆகவே தம்பியையும் அவனுடைய மூன்று நண்பர்களையும் மூட்டைக்குப் பதிலாக ஏற்றிக்கொண்டேன். மலையடிவாரத்தில் இருக்கும் முந்தல் ஊரைத் தாண்டி நான்கு வளைவுகள் வரை அனுமதித்தார்கள். உண்மையைச் சொன்னால் ஓட்ட இனிமையாக இருந்தது பெட்ரோல்தான். வளைவில் திரும்பி மிதித்ததும் பாய்ந்தது, டீசல் ஒரு கணம் யோசித்தது. ஆனால் ஒரு இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, கிளட்சை மட்டும் விட்டுப் பார்த்தேன். டீசல் நகர்ந்தது. பெட்ரோல் உதறிவிட்டு அணைந்தது. என் மூன்று கிலோமீட்டர் பாதை முழுவதும் அந்த ஒரு கணம்தான்.

டீசலுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். ஸ்பேனர் அண்ணா சொன்னதை வைத்து வீட்டில் ஒரு சட்டமும் போட்டாயிற்று: ஊருக்குள் அந்த வண்டியை எடுக்கக் கூடாது. பள்ளிக்கும் கடைக்கும் போக நேற்று ஒரு ஸ்கூட்டர் வாங்கினோம்.

நாலாம்_கியர்:
ஸ்கூட்டர் எதில் ஓடுகிறது?

ஏலத்தோட்டத்தான்:
பெட்ரோலில்.

நாலாம்_கியர்:
எனக்கு இது போதும்.

வால்பாறை_40:
போதாது. ஸ்கூட்டரில் உரமூட்டை ஏற்றிப் படம் போடுங்கள், மிச்ச மீசையையும் எடுக்கிறேன்.

ஸ்பேனர்:
தோட்டத்தாரே, அந்தப் பழைய ஜீப்பை விற்பதாக இருந்தால் வெளியே சொல்லும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஏலத்தோட்டத்தான்:
அப்பாவிடம் கேட்டேன் அண்ணா. பதில் சொல்லாமல் போய் அதன்மேல் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு வந்தார்.