சென்ட்ரல் பார்க் நடுவுல ஒரு கல் போலீஸ் ஸ்டேஷன், யாருக்காவது கதை தெரியுமா?

குயின்ஸ்வாசி:
எம்86 பஸ்ல பார்க்கைக் குறுக்கால கடக்கும்போது பள்ளத்துல ஒரு பழைய கல் பில்டிங், வாசல்ல என்ஒய்பிடி, அதான் நியூயார்க் போலீஸ், வண்டிங்க நிக்குது. மொதல்ல ஏதோ சர்ச்னு நெனச்சேன். இது எப்பவுமே போலீஸ் ஸ்டேஷன்தானா? ஊர்லேந்து அப்பா வந்திருக்கார், ரிட்டயர்ட் ஏட்டு, உள்ள போய்ப் பாக்க விடுவாங்களா?

மாடப்புறா:
அது குதிரை லாயமுங்க! 1871 வாக்குல கட்டினது, டிசைன் ஜேக்கப் ரே மோல்ட். இதே பார்க்ல பெதஸ்டா டெரஸ்ல பறவை, பழம்னு கல்லுல செதுக்கியிருக்கே, அந்த டிசைனும் இவரோடதுதான், லாயத்துக்குக் கூட மனுஷன் அழகு பாத்திருக்கார். போலீஸ் குடி வந்தது 1936ல. பார்க்ல இது ஒண்ணும் புதுசில்ல, இப்போ டேவர்ன் ஆன் த கிரீன்னு ஓட்டல் இருக்கே, அது ஆட்டுக் கொட்டகை, 1934ல ஆடுங்கள கிளப்பிட்டு ஓட்டலாக்கிட்டாங்க. பள்ளம்னீங்களே, குறுக்கால போற நாலு ரோட்டையும் வேணும்னேதான் கீழ எறக்கினாங்க, வண்டிங்க பார்க்ல நடக்கறவங்க கண்ணுல படக்கூடாதுன்னு 1858 பிளான்லயே இருக்கு, லாயமும் அந்த ரோட்டோரமா வந்ததால மேலேந்து பாத்தா சட்டுனு தெரியாது.

கணக்குப்புலி:
ரிப்பேர் செலவையும் சொல்லுங்க சார். வருஷக்கணக்கா இழுத்து 2011ல முடிச்சாங்க, சுமார் 61 மில்லியன் டாலர்! அந்தக் காசுல புதுசா ரெண்டு ஸ்டேஷன் கட்டியிருக்கலாம்.

மாடப்புறா:
எங்க கட்டுவீங்க? பார்க்கே 1974லேந்து லேண்ட்மார்க், ஆணி அடிக்கணும்னாலும் பர்மிஷன் கேக்கணும். குதிரைக்குக் கட்டின எடத்துல கம்ப்யூட்டர், ஏசி, ஒயரிங்னு நுழைக்கறது சும்மாவா? நடுமுற்றத்த இடிக்காம மேல கண்ணாடிக் கூரை போட்டு லாபி ஆக்கினாங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருக்கு. செலவு ஜாஸ்திதான், அத ஒத்துக்கறேன்.

வடக்குவாசல்:
டூர்லாம் கெடையாது குயின்ஸ்வாசி. ஏதாவது விசாரிக்கணும்னா லாபி வரைக்கும் போகலாம், வேலை நேரத்துல தொந்தரவு பண்ணாம. ரோட்டோரமா நடக்காதீங்க, பஸ் ஒரசிட்டுப் போகும், பெரியவர வேற கூட்டிட்டுப் போறீங்க. ரிசர்வாயருக்குத் தெக்கால பார்க்குக்குள்ளயே நடந்து வந்து பாருங்க. அந்த ஸ்டேஷனுக்கு லிமிட்டே பார்க் மட்டுந்தான், 843 ஏக்கர், அத அப்பாகிட்ட சொல்லுங்க.

குயின்ஸ்வாசி:
சொன்னேன். வீடே இல்லாத லிமிட்டா, குடுத்து வச்சவனுங்கடான்னார். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, லாயத்துல லாக்கப் எங்கடா வச்சிருப்பானுங்கன்னு கேக்கறார், யாருக்காவது தெரியுமா?