வாரண்டி அட்டையை நம்பி ஸ்கூபா டைவிங் ரெகுலேட்டர் வாங்கியவர்கள் இருக்கிறீர்களா?

கடல்குதிரை:
பதினான்கு மாதங்களுக்கு முன் ஆன்லைனில் ஒரு ரெகுலேட்டர் செட் வாங்கினேன், நீருக்கடியில் சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தருகிற சாமான். சிலிண்டரில் மாட்டுகிற பர்ஸ்ட் ஸ்டேஜ், வாயில் வைக்கிற செகண்ட் ஸ்டேஜ், அவசரத்துக்கு இன்னொரு செகண்ட் ஸ்டேஜான ஆக்டோபஸ் மூன்றும் சேர்த்து. நல்ல தள்ளுபடி. பெட்டி ஒரிஜினல், உள்ளே வாரண்டி அட்டையும் இருந்தது. போன மாதம் செகண்ட் ஸ்டேஜ் சும்மா தொங்கவிட்டாலே புஸ்ஸென்று காற்றைக் கசியவிட ஆரம்பித்தது. சரி, வாரண்டிதான் இருக்கிறதே என்று அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன்.

கவுண்டரில் இருந்த அம்மா பர்ஸ்ட் ஸ்டேஜைத் திருப்பி, விளக்குக்கு அடியில் பிடித்து, கட்டை விரலால் ஓர் இடத்தைத் தடவினார். அப்புறம் என் பக்கம் நீட்டி, "இங்கே தொட்டுப் பாருங்கள்" என்றார். சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. யாரோ ராவி எடுத்து, மேலே பாலிஷும் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு டைவ் முடிந்தும் அதே இடத்தைத் துணியால் துடைத்திருக்கிறேன், ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை.

"போலியா?" என்று கேட்டேன். "இல்லை சார், எங்கள் பொருள்தான். எங்கள் வழியாக வரவில்லை, அவ்வளவுதான்." காசு வாங்கிக்கொண்டு சர்வீஸ் செய்து தரவும் மறுத்துவிட்டார்கள். விற்றவரைக் கேட்டால் "எங்கள் சொந்த வாரண்டி உண்டு, பார்சல் அனுப்புங்கள்" என்கிறார். அனுப்பலாமா? அதைவிட, அந்த வழவழப்பு மனதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஓரிங்:
எனக்குச் சீரியல் நம்பர் இருந்தது, பில் இருந்தது, அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம்தான் வாங்கினேன். அப்படியும் கிடைக்கவில்லை. டெக்னீஷியன் பர்ஸ்ட் ஸ்டேஜைக் கழற்றி, காற்று நுழையும் வாயில் இருக்கும் அந்தச் சின்ன வடிகட்டியை வெள்ளைத் துணியில் தட்டிப் போட்டார். பச்சை. பூஜைச் செம்பைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் ஏறுமே களிம்பு, அந்தப் பச்சை. "மூடியைப் போடாமல் கழுவினீர்களா?" என்றார். ஆமாம், ஒரு தடவை அவசரத்தில் வாளித் தண்ணீரில் அப்படியே முக்கினேன். ஒரே ஒரு தடவைதான். பித்தளை உடம்புக்குள் உப்புத்தண்ணீர் போனால் போதுமாம். பயன்படுத்துபவர் தவறு என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்தத் துணியைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், ஏன் என்று தெரியவில்லை.

முத்துக்குளி:
@கடல்குதிரை, ஆன்லைனில் வாங்கினால் இப்படித்தான் ஆகும். தலையை நீருக்கடியில் வைத்து மூச்சு விடுகிற சாமானை முகம் தெரியாதவரிடம் வாங்கலாமா? கடைக்குப் போய், கையில் எடுத்துப் பார்த்து, வாயில் வைத்து இழுத்துப் பார்த்து வாங்க வேண்டும்.

பாதிக்காற்று:
@முத்துக்குளி, தப்பு. அங்கீகரிக்கப்பட்ட டீலர்கள் பலரும் இணையத்தில் விற்கிறார்கள். பிரச்சினை இணையம் இல்லை, அந்த விற்பனையாளர் பிராண்டின் டீலர் பட்டியலில் இருக்கிறாரா என்பதுதான். பட்டியல் பிராண்டின் தளத்திலேயே இருக்கும், இரண்டு நிமிட வேலை. உண்மையான பொருளை வேறொரு சந்தைக்காக மொத்தமாக வாங்கி இங்கே தள்ளிவிடுவதைத்தான் கிரே மார்க்கெட் என்கிறார்கள். எந்த டீலரிடமிருந்து நழுவியது என்று கண்டுபிடிக்க முடியாதபடி நம்பரை ராவிவிடுவார்கள். கடைக்காரரின் "சொந்த வாரண்டி" அவர் கடை திறந்திருக்கும் வரைதான்.

என் கதை சின்னது. எல்லாம் முறைப்படி வாங்கினேன், பில்லைப் பத்திரமாகப் பெட்டிக்குள்ளேயே வைத்தேன். இரண்டு வருடம் கழித்து எடுத்தால் வெற்றுத்தாள். சூட்டில் அச்சாகிற அந்த ரகக் காகிதம், எழுத்து மொத்தமும் மறைந்துவிட்டது. டெக்னீஷியன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வாங்கிய அன்றே பில்லைப் படம் எடுங்கள், பிராண்டின் தளத்தில் சீரியல் நம்பரைப் பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் வாரண்டி முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். பழைய செட் வாங்கினால் அட்டையைப் பார்த்து மகிழ வேண்டாம், அது உங்களுடையது இல்லை. செகண்ட் ஹேண்டில் ஃபின், பிசிடி (காற்றை ஊதி மிதப்பைச் சரிசெய்கிற ஜாக்கெட்) வாங்கலாம். ஆனால் பிசிடியை ஊதி ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் அமுக்கிப் பாருங்கள். சிலிண்டர் என்றால் கழுத்தில் குத்தியிருக்கும் தேதியைப் படியுங்கள். 1988க்கு முந்தைய அலுமினிய சிலிண்டர்களில் பல 6351 என்ற உலோகக் கலவையில் செய்தவை, கழுத்துப் பகுதியில் விரிசல் விடும் என்று பேர் வாங்கியவை. பல இடங்களில் நிரப்பவே மாட்டார்கள். பிறகு வந்தவை பெரும்பாலும் 6061. ரெகுலேட்டரைச் சிலிண்டரில் மாட்டுவது டின் இணைப்பா யோக்கா என்று கேட்டு வாங்குங்கள், கவ்விப் பிடிக்கிற யோக் பொதுவாக 232 பார் (காற்றழுத்த அளவு) வரைதான், திருகிப் பொருத்துகிற டின் 300 பார் வரை போகும். ரெகுலேட்டரின் உடம்பில் இஎன் 250 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கிறதா பாருங்கள். வெட்சூட்டில் தையல் பிரிந்தால் வாரண்டி கேட்கலாம், ரப்பர் அமுங்கி மெலிந்தால் கேட்க முடியாது, அது தேய்மானம். மாஸ்க்குக்கு வாரண்டியே தேடாதீர்கள், முகத்தில் வைத்து மூக்கால் இழுத்தால் ஒட்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓரிங்:
பதிவைவிட வால் பெரிதாக இருக்கிறதே அண்ணே.

மூழ்கியவன்:
மணிக்கட்டில் ஆழத்தையும் நேரத்தையும் காட்டுகிற டைவ் கம்ப்யூட்டரைப் பற்றி யாரும் பேசவில்லை. பேட்டரி தீர்ந்தது, கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரிடம் மாற்றினேன். அவரும் நன்றாகத்தான் செய்தார், மூடியைத் துடைத்து இறுக்கிக் கொடுத்தார். அடுத்த டைவில் 18 மீட்டரில் கண்ணாடிக்குள் மூச்சு விட்டதுபோல ஒரு மூட்டம். கையைத் தட்டிப் பார்த்தேன். பிறகு மேலே ஏறத் தொடங்கினேன், திரையில் 18. இன்னும் ஏறினேன், 18. நண்பன் தன் மணிக்கட்டைக் காட்டுகிறான், அதில் 11. என்னுடையது 18லேயே நிற்கிறது. அவனை ஒட்டிக்கொண்டு மெதுவாக ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வெளியே வந்தோம். அந்த 18ஐ இன்றும் கனவில் பார்க்கிறேன்.

சர்வீஸ் சென்டரில் பிரித்தபோது மூடிக்கு அடியில் தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் வளையம், அந்த ஓ-ரிங் மேல் குறுக்காக ஒரு தலைமுடி. என்னுடையதா கடிகாரக்காரருடையதா தெரியாது. தண்ணீர் புகுந்தால் யார் திறந்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. வாரண்டி அங்கேயே முடிந்தது. பேட்டரியை நீங்களே மாற்றலாம் என்று வடிவமைத்த மாடல்களும் உண்டு. என்னுடையது அப்படிப்பட்டது இல்லை, நான்தான் கையேட்டைப் படிக்கவில்லை.

நீலவரி:
என் பிராண்டில் "வாழ்நாள் முழுக்க உதிரிபாகம் இலவசம்" என்றார்கள். கூலி மட்டும் கொடுத்தால் போதும். அதற்காகவே அந்த பிராண்டை வாங்கினேன். நிபந்தனை என்னவென்றால், ஒவ்வொரு ஆண்டும் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் சர்வீஸ், புத்தகத்தில் முத்திரை. ஐந்து ஆண்டுகள் ஒழுங்காகப் போட்டேன். ஆறாவது ஆண்டு குழந்தை பிறந்தது, கடல் பக்கமே போகவில்லை. ஒரு டைவ்கூட இல்லை! ஏழு வாரம் தாமதமாகப் போனேன். கடைக்காரர் புத்தகத்தைப் புரட்டி, தேதியில் விரலை வைத்தார். ஒன்றும் பேசவில்லை, விரலை மட்டும் எடுக்கவில்லை. வாழ்நாள் அன்றைக்கு முடிந்தது. எல்லோரும் இப்படி இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அட்டாமிக் என்ற பிராண்ட் பெரும்பாலான ரெகுலேட்டர்களுக்குச் சர்வீஸை இரண்டு வருடம் அல்லது 300 டைவுக்கு ஒரு முறை, எது முதலில் வருகிறதோ அது என்று வைத்திருக்கிறது.

முத்துக்குளி:
விதி என்றால் விதிதானே. ஓரமாகக் கிடந்தாலும் ரப்பர் கெடும்.

நீலவரி:
கெட்டால் கெடட்டும், அந்த ரப்பருக்குத்தானே இலவசம் என்றார்கள்?

பாதிக்காற்று:
@கடல்குதிரை, மறுபடி உங்கள் பதிவைப் படித்தேன். ஒன்று உறுத்துகிறது. கசிவது செகண்ட் ஸ்டேஜில் தெரிந்தாலும் பழுது பர்ஸ்ட் ஸ்டேஜில் இருக்கலாம். இரண்டு ஸ்டேஜுக்கும் நடுவில் உள்ள குழாயில் நிற்கிற இடைநிலை அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். பொதுவாக 9, 10 பார் அருகில் வந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போனால் உள்ளே காற்றை அடைக்கிற வட்டு, உயரழுத்த சீட், தேய்ந்திருக்கிறது. அந்தக் கூடுதல் அழுத்தம் வெளியேற வேறு வழியில்லாமல் செகண்ட் ஸ்டேஜ் வழியாகப் புஸ்ஸென்று வருகிறது. சீட்டும் ஓ-ரிங்கும் சர்வீஸ் கிட்டில் வருகிற தேய்மானப் பொருட்கள். அதாவது நம்பர் அழகாக இருந்திருந்தாலும் இந்தப் பழுதுக்கு வாரண்டியில் பெரும்பாலும் காசு கேட்டிருப்பார்கள். வார்ப்பில் குறை, உடம்பில் விரிசல், இவைதான் அதில் வரும். இத்தனை வருடத்தில் பர்ஸ்ட் ஸ்டேஜ் உடம்பு விரிந்து நான் பார்த்ததில்லை.

ஆகவே நீங்கள் இழந்தது வாரண்டியை இல்லை, கதவைத் திறந்து உள்ளே விடுகிற ஆளை. கிட் யாரிடம் கிடைக்கிறது என்று பாருங்கள். சில பிராண்டுகள் டீலர் தவிர யாருக்கும் தர மாட்டார்கள்.

கடல்குதிரை:
அளந்து பார்த்தாயிற்று. பயிற்சி எடுத்த, ஆனால் எந்த பிராண்டிலும் சேராத ஒரு டெக்னீஷியன் கிடைத்தார். அளவுமானியில் முள் 9.5இல் தொடங்கி, நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே 12ஐத் தாண்டிப் போனது. சீட்தான். நகக்கண் அளவு வட்டு, நடுவில் வளையமாக ஒரு தடம் பதிந்திருக்கிறது. கிட் வர மூன்று வாரம் ஆகுமாம். விற்றவருக்குப் பார்சல் அனுப்பவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை.

டெக்னீஷியனும் முதலில் அந்த இடத்தைத்தான் தடவிப் பார்த்தார். "நல்ல வேலை செய்திருக்கிறான்" என்றார்.

ஓரிங்:
இதைப் படித்துவிட்டு எழுந்துபோய் என் செட்டைத் திருப்பிப் பார்த்தேன். நம்பர் இருக்கிறது. பில்தான் வெள்ளையாகிவிட்டது.