கலைச்சொல் தேவை: ஒரே உணவுக்கு ஒவ்வொருவர் இரத்தக் கொழுப்பும் வெவ்வேறாக மாறுவது

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புடையீர், வணக்கம். இளநிலை உயிர்வேதியியல் பாடநூலின் உணவியல் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு கருத்துக்குச் சொல் அமையாமல் நிற்கிறேன். பலருக்கும் ஒரே அளவு நிறைவுற்ற கொழுப்பைக் கொடுத்தால், சிலருக்கு எல்டிஎல் கொலஸ்டிரால் (மிகுந்தால் தீங்கு தரும் இரத்தக் கொழுப்பு) மளமளவென்று ஏறுகிறது. சிலருக்கு ஏறியதே தெரிவதில்லை. இதில் ஒரு பங்கு மரபணுவைச் சார்ந்தது. மிகுதியாக ஏறுகிறவரை 'மிகை எதிர்வினையர்' என்று எழுதிப் பார்த்தேன். ஒவ்வாமை கண்டவரைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. கைகொடுங்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

'எதிர்வினை'யில் எதிர்ப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடல் இங்கே எதையும் எதிர்க்கவில்லை. பள்ளி நூல்களில் தூண்டல், அதற்கு உடல் காட்டும் மாற்றமாகிய துலங்கல் என்ற இணை ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. மிகைத்துலங்கர், குறைத்துலங்கர் என்று துணிந்து எழுதுங்கள்.

ஆனால் எனக்கு இதைவிட ஆழமான ஆசை ஒன்று உண்டு. 'மாறல்ல துய்க்க', அதாவது உடலோடு மாறுபடாததை உண்க, என்ற குறளுக்கு உரை சொல்லும் பரிமேலழகர், மாறுகொள்ளாமையில் முதலாவதாக வைப்பது உண்பவனுடைய 'பகுதி'யோடு மாறுகொள்ளாமையை. அந்தப் 'பகுதி' துண்டு அன்று. 'பிரகிருதி' தமிழ் உடுத்து வந்தது, ஒருவனுடைய உடலியல்பு. உணவின் பயன் உண்பவனைப் பொறுத்தது என்பதற்கு நம்மிடம் ஆயத்தமான சொல் இருக்கும்போது 'மரபணுசார்' என்று ஏன் நீட்ட வேண்டும்? 'பகுதித் துலங்கல்' என்று சொல்லிப் பாருங்கள்.

மரபியல் ஆசிரியர் எழுதியது:

ஐயா, உரை நயம் அருமை. ஆனால் 'பகுதித் துலங்கல்' என்று நான் கரும்பலகையில் எழுதினால் மாணவர்கள் 'அரைகுறைத் துலங்கல்' என்றே படிப்பார்கள். வாதம், பித்தம், கபம் வழி வரும் இயல்பும் மரபணு அமைப்பும் ஒன்றல்ல என்று மறுபடி ஒரு வகுப்பு எடுக்க நேரும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை 'துலங்கர்' என்பதில் ஆளைக் குறிக்கும் 'அர்'. இரத்தத்தில் கொழுப்பை ஏந்திச் செல்ல உதவும் புரதம் ஒன்றைத் தருகிற அப்போஈ மரபணுவை எடுத்துக்கொள்வோம். ஈ2, ஈ3, ஈ4 என்ற மூன்று வடிவங்களும் தருகிற புரதங்கள் 112, 158 ஆகிய இரண்டே அமினோ அமில இடங்களில் வேறுபடுகின்றன. ஈ2-இல் இரண்டிடத்திலும் சிஸ்டீன். ஈ4-இல் இரண்டிடத்திலும் ஆர்ஜினின். ஈ3-இல் 112-இல் சிஸ்டீன், 158-இல் ஆர்ஜினின். ஈ4 உடையவர்களுக்கு எல்டிஎல் சராசரியாகவே சற்று உயர்ந்திருக்கும். அது அளவு. நிறைவுற்ற கொழுப்பைக் கூட்டினால் அந்த அளவு எவ்வளவு நகர்கிறது என்பதே துலங்கல். பல ஆய்வுகளில் ஈ4 உடையவர்களிடம் நகர்வு கூடுதல். வேறு சிலவற்றில் அப்படித் தெரியவில்லை. அளவு உயர்ந்த ஒருவருக்குத் துலங்கல் சிறிதாக இருக்கலாம். உணவிலுள்ள கொலஸ்டிராலுக்கு மிகையாகத் துலங்குகிறவர் நிறைவுற்ற கொழுப்புக்கும் அப்படியே துலங்குவார் என்ற உறுதியில்லை. ஆகவே ஆளுக்குப் பெயர் சூட்டாதீர்கள். எந்த உணவுக்கூறுக்கு என்று சொல்லி, 'மிகைத்துலங்கல்' என்று நிகழ்வுக்குப் பெயரிடுங்கள்.

மருத்துவர் எழுதியது:

மரபியல் ஆசிரியர் அம்மா சொல்வதை வழிமொழிகிறேன். தலைப்பில் 'மரபணுப் பிறழ்வு' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். படிக்கிறவர் தம் உடலில் ஏதோ கெட்டுவிட்டது என்று அஞ்சுவார். ஏபிசிஜி5, ஏபிசிஜி8 என்ற புரத இணை, குடல் உயிரணுவுக்குள் நுழைந்த ஸ்டெரால்களை (கொலஸ்டிராலும் அதையொத்த தாவரப் பொருள்களும்) குடலுக்கே திருப்பித் தள்ளுகிறது. அவற்றுள் ஒன்றன் மரபணுவில் தாய்வழி, தந்தைவழி வந்த இரு படிகளும் செயலிழந்தால் தாவர ஸ்டெரால்கள்கூட இரத்தத்தில் தேங்கும். அது பிறழ்வு, நோய். ஈ4 அப்படியன்று.

தமிழாசிரியர் எழுதியது:

அப்படியானால் 'திரிபு' என்போம். இயல்பு, திரிபு என்று புணர்ச்சியில் நாம் பழகியதுதானே. தோன்றல், திரிதல், கெடுதல் என்ற மூன்றையுமே மரபணுவுக்கு ஏற்றலாம்: செருகல் தோன்றல், பதிலீடு திரிதல், நீக்கம் கெடுதல். ஒரு முழு அதிகாரமே எழுதலாம்!

இன்னொன்று. 'கொழுப்பு' இருக்கட்டும், கொழுப்பு வகைப் பொருள்களின் பொதுப்பெயரான லிப்பிடுக்குக் கொழுமியம் என்கிறார்களே, கொழுப்பைக் குறிக்கும் சங்கச் சொல்லான 'நிணம்' என்ன குற்றம் செய்தது?

மரபியல் ஆசிரியர் எழுதியது:

நிணநீர் என்பது ஏற்கெனவே 'லிம்ப்' என்ற உடல்நீருக்கு ஆகிவிட்டது ஐயா. உணவுக் கொழுப்பு குடலிலிருந்து அந்த நிணநீர் வழியாகத்தான் இரத்தத்துக்கு வருகிறது. ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் எப்படிப் பிரித்தறிவது? 'திரிபு' பற்றியும் ஓர் ஐயம். மனிதரிடையே ஈ4தான் மூத்த வடிவம் என்பது இன்றைய கருத்து. மூத்ததைத் திரிந்தது என்றும் பின்வந்த ஈ3-ஐ இயல்பு என்றும் சொல்வது வரலாற்றைத் தலைகீழாக்கும். 'வேறுபாடு' போதும். அது யாரையும் குறை சொல்லவில்லை.

மருத்துவர் எழுதியது:

வேறுபாட்டுக்கு என் வாக்கு. 'இரத்தக் கொழுப்பு' என்றே எழுதுங்கள், எல்லோருக்கும் புரியும்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இயலின் தலைப்பு: 'உணவுக்கு இரத்தக் கொழுப்பின் துலங்கல்: மரபணு வேறுபாட்டின் பங்கு'. உள்ளே மிகைத்துலங்கல், குறைத்துலங்கல். 'துலங்கர்' நீக்கப்பட்டது. ஈ2, ஈ3, ஈ4 ஆகியவற்றை 'வடிவங்கள்' என்றே விட்டுவிடுகிறேன். ஒரு மரபணுவின் மாற்று வடிவத்துக்குப் பெயர் அல்லீலா எதிருருவா என்று தொடங்கினால் வெள்ளிக்கிழமை கடந்துவிடும்.

தமிழாசிரியர் எழுதியது:

பெரும்பான்மைக்கு இணங்குகிறேன். ஆனால் 'வேறுபாடு' இரண்டு பொருள்களை அருகருகே வைத்துப் பார்க்கிறது, அவ்வளவே. உண்பவனுக்கும் உணவுக்கும் இடையிலுள்ள உறவை அது சொல்லவில்லை. 'மாறுபாடு இல்லாத உண்டி' என்ற குறள் அதைச் சொல்கிறது. அடுத்த பதிப்பின்போது இந்த இழையை மீண்டும் திறப்பேன்.